மூன்றாவது பேர்

ஆடி அமாவாசை அன்று அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. எனக்கு உட்காரவே இடம் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா எந்தப் புரோகிதர் சாமியிடம் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டாரோ, அதே சாமி எதிரில் நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அப்பா இறந்து வருஷம் திரும்பி வந்த முதல் ஆடி அது. சட்டையைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்திருந்தேன். அவள் எனக்கு இரண்டு படி மேலே, என் சட்டை, செல்போன், மாட்டுக்காக வாங்கிய அகத்திக்கீரைக் கட்டு எல்லாவற்றையும் மார்போடு அணைத்தபடி நின்றாள். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஈரத்துணியும் சூடமும் நசுங்கிய வாழைப்பழமும் கலந்த ஒரு வாசனை.

சாமி பைக்குள்ளிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். அட்டை போய் நூல் போட்டுத் தைத்த நோட்டு.

"ராமையா பையன்தானே நீங்க? உங்கப்பா வராத அமாவாசை கிடையாது. பேரெல்லாம் எங்கிட்டயே இருக்கு. நான் சொல்லிண்டே போறேன், நீங்க ஜலம் விடுங்கோ."

அப்பா பேர், தாத்தா பேர், அவருக்கு அப்பா பேர். ஒவ்வொன்றுக்கும் எள்ளோடு தண்ணீர் கட்டைவிரல் வழியாக இறங்கியது. பாட்டிமார் பேர்களும் முடிந்தன. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"அப்பறம் இந்த மூணு பேர்" என்றார் சாமி. "சிற்றம்பலம்."

விட்டேன். யாரோ எனக்குத் தெரியாத பெரியவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"பரமேஸ்வரி."

விட்டேன்.

"வதனி."

"என்னங்க?" என்றாள் என் தங்கை.

சாமி நிமிர்ந்து பார்த்தார். "உன்னை யாரும்மா கூப்பிட்டா?"

"என் பேருதாங்க வதனி. இவரு தங்கச்சி."

என் உள்ளங்கைத் தண்ணீர் கீழே விழவில்லை. எள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. சாமி நோட்டை மெதுவாக மூடினார். சுற்றிலும் அத்தனை ஜனம், அத்தனை வெயில். எனக்கு முதுகு சில்லிட்டது.

குரல் கொடுக்காதவன்

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் ஒரு நாய்க்கடிக் கதை எழுதியிருந்தேன். வீடு வீடாகப் போய்க் கரண்ட் ரீடிங் எடுக்கும் வேலையில் இருந்தபோது, தென்னூரில் ஒரு வீட்டு நாய் என் கணுக்காலைப் பதம் பார்த்த கதை. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நாயைக் கட்டியிருப்பார்களே, உங்களுக்கு வாய் இல்லையா?"

வாய் இருக்கிறது அம்மணி. டீக்கடையில் நான் பேச ஆரம்பித்தால் பாய்லர் சத்தம் கேட்காது. எனக்குக் கோபம் வேறு மூக்குக்கு மேல் வரும். ஆனால் அடுத்தவர் வாசலில் மட்டும் இந்த வாய் திறக்காது. மணி இருந்தால் அடிப்பேன். கேட் இருந்தால் தட்டுவேன். இரண்டும் இல்லையென்றால் நிற்பேன். யாராவது பார்க்கும்வரை நிற்பேன்.

ஒரு அம்மாள் துணி காயப்போட வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு அலறி வாளியைக் கீழே போட்டுவிட்டார். "எம்புட்டு நேரமாய்யா நிக்கிற, பேயாட்டம்?" கால்மணி நேரமாக நின்றிருந்தேன். புகார் போனது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "'ரீடிங்'னு ஒரு சத்தம் போடறதுக்கு என்னய்யா உனக்குக் கேடு?" என்று கேட்டார். என்ன கேடு என்று எனக்கே அப்போது தெரியாது. திருதிருவென்று விழித்தேன்.

தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இது அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா ராணுவத்தில் ஹவில்தார். லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எனக்கு ஏழெட்டு வயதில், கடலுக்கு அந்தப் பக்கம் போன படையில் அவரும் போனார். அங்கே இருக்கிறவர்களும் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் கூட்டத்தில் ஒரு தமிழ்க்காரர் வேண்டியிருந்தது. கேள்வியை அவர் தமிழில் கேட்க வேண்டும், பதிலை இந்தியில் சொல்ல வேண்டும். இதைக் கடிதத்தில் எழுதியிருந்தார். "துப்பாக்கி தூக்குற வேலையவிட இது சுளுவு" என்று எழுதியிருந்ததாக அம்மா சொல்வாள்.

திரும்பி வந்து சீக்கிரமே பென்ஷன் வாங்கிக்கொண்டு கே.கே. நகரில் வீடு பார்த்தார். ஒரு காலேஜில் வாட்ச்மேன் வேலை. காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்கு வருவார். வந்தால் கேட்டுக்கு வெளியே நிற்பார். தலைக்கு மேலே ஏரோப்ளேன் தாழப் பறந்து ஏர்போர்ட்டில் இறங்கும், அதற்கு நிமிரக்கூட மாட்டார். கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்திருக்கும், எதுவும் வைத்திருக்கவில்லை என்று காட்டுகிறவர்போல.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடுவாள். "எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருக்கும்.

அவர் என்னை அடித்தது ஒரே ஒரு தடவை. எதிர்வீட்டு கணேசனை விளையாடக் கூப்பிடப் போனேன். "கணேசா, டேய், கதவத் தொறடா! நான்தான்டா!" என்று கத்தினேன். அப்பா தெருவைத் தாண்டி வந்தது எனக்குத் தெரியாது. பளாரென்று ஒன்று விழுந்தது. பிறகு மண்டிபோட்டு உட்கார்ந்து என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எனக்கு மூச்சு முட்டியது. அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, கணேசன் வீட்டுக் கதவு திறந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கதவு திறக்கவில்லை. கணேசன் அன்றைக்கு ஊரில் இல்லை.

பாப்பா

அப்பா திரும்பி வந்த மறு வருஷம் தங்கை பிறந்தாள். அம்மாவுக்கு மகாலட்சுமி என்று வைக்க ஆசை. அப்பா ஒரே பிடியாக நின்று வதனி என்று வைத்தார். எங்கள் பக்கம் அப்படி ஒரு பேரை யாரும் கேட்டதில்லை. "மிலிட்டரியில எவளாச்சும் நர்ஸம்மா பேரா இருக்கும்" என்று அத்தை ஒருத்தி கேலி பேசினாள். அப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், அடம்பிடித்துப் பேர் வைத்த மனுஷன் ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. பாப்பாதான். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. ஸ்கூலில் சேர்க்கும்போது அம்மாதான் பேர் சொன்னாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது, அச்சகத்துக்காரர் பெண் பேரைக் கேட்க, அப்பா ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

பாப்பாவுக்கு இது பெரிய ரணம். "எனக்கு வச்ச பேரு புடிக்கலையா, இல்ல என்னையே புடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். ஆஸ்பத்திரியில் அப்பாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிடுங்கப்பா, வேற ஒண்ணும் வேணாம்" என்று கெஞ்சினாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். செத்துக்கொண்டிருக்கிற மனிதர்மேல் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வயதில் பாப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மத்தியானம் வீடே உறங்கும். அவள் மட்டும் பாயிலிருந்து எழுந்து நேராக வாசல் கதவுக்குப் போவாள். தாழ்ப்பாளை எட்டி எட்டிப் பிடிப்பாள்.

"எங்க போற?"

"என்னையக் கூப்பிடுறாங்க."

நான் கதவைத் திறந்து பார்ப்பேன். வெயில் அடித்துக் காலியாகக் கிடக்கும் தெரு. ஒரு நாய்கூட இருக்காது. "யாருடி கூப்பிட்டா?" என்றால், "பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்பாள். வீட்டில் யாருமே சொல்லாத அந்தப் பேரைச் சொல்லி.

நான் அவளுக்குப் பேய்க்காது என்று பட்டம் வைத்தேன். அம்மா ஒரு நாள் ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கதவின் உச்சிக்கு மாற்றினாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அம்மாவுக்கே இப்போது எட்டுவதில்லை, முக்காலி போட்டு ஏறுகிறாள்.

கதவு திறந்தவர்கள்

சரி, படித்துறைக்கு வருகிறேன்.

சாமி எங்களை மண்டபத் தூண் ஓரம் அழைத்துப்போனார். நோட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். அப்பா பேருக்குக் கீழே வரிசையாக உறவுகள். கடைசியில் அந்த மூன்று பேர்கள். உறவு என்ற இடத்தில் 'கதவு திறந்தவர்கள்' என்று எழுதியிருந்தது.

"மொத மொத வந்தப்போ நான் செஞ்சு வைக்கமாட்டேன்னுட்டேன்" என்றார். "அப்பா இருக்காரான்னு கேட்டேன், இருக்கார்ன்னார். அப்பா இருக்கறச்ச பிள்ளை எள்ளைத் தொடப்படாது, போங்கோன்னேன். போகலை. இதோ இந்தத் தூண்கிட்ட நின்னுண்டே இருந்தார். வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலை. அடுத்த அமாவாசையும் வந்து நின்னார். அதுக்கடுத்ததும். எனக்கே பயமாயிடுத்து. சாஸ்திரம் என்ன சொல்லுமோ தெரியாது, யாரோ போனவாளுக்கு ஒரு வாய் ஜலம் விட்டா என்ன குறைஞ்சு போயிடும்னு உக்காரச் சொல்லிட்டேன். மூணு பேரைச் சொன்னார், உறவு என்னன்னு கேட்டா 'கதவு தொறந்தவங்க'ன்னார்."

இதைக் கேட்டதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. அப்பாவின் அப்பா. ஊர்க்காரர் ஒருவர் படித்துறையில் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டார். தாத்தா பஸ் பிடித்து கே.கே. நகர் வந்து நடுவீட்டில் நின்று கத்தினார். "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நீ எவனுக்குடா எள்ளுத் தண்ணி எறைக்கிற? நான் எப்ப சாவேன்னு பாக்குறியா?"

தாத்தா அதற்குப் பிறகு மகனோடு பேசவே இல்லை. பெற்ற பிள்ளை தன் சாவுக்கு ஒத்திகை பார்த்தான் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அப்பா ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு வரவில்லை.

"உங்க தாத்தா போனப்பறம்தான் உங்கப்பா எங்கிட்ட சொன்னார்" என்றார் சாமி. "கடலுக்கு அந்தண்டை ஒரு கிராமம். பட்டாளத்துக்காரா வீடு வீடா தேடிண்டு போயிருக்கா. ஒரு வீட்டுல கதவைத் திறக்கலை. இவரைப் பேசச் சொல்லியிருக்கா. உள்ள இருந்த அம்மா 'வதனி, திறக்காதை'ன்னு சொன்னது இவருக்குக் கேட்டிருக்கு. அந்தப் பேரை வச்சே கூப்பிட்டிருக்கார். 'வதனி, கதவத் தொறம்மா, நானும் தமிழ்தாம்மா, பயப்படாதம்மா'ன்னு. நம்ம பாஷையில ஒரு குரல் கேக்கறதேன்னு அந்தப் பொண்ணு திறந்துடுத்து. பள்ளிக்கூடம் போற பொண்ணு. பின்னாலயே அப்பாவும் அம்மாவும்."

சாமி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பறம் வெடிச் சத்தம். எந்தப் பக்கத்துலேர்ந்து, யாரு, ஒண்ணும் தெரியலைன்னார். கடைசிவரைக்கும் தெரியலை. மூணு பேரும் வாசப்படியிலயே போயிட்டா. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடி வந்து ஒவ்வொருத்தர் பேரா சொல்லி அழுதாராம். அந்தப் பேரைத்தான் இங்க கொண்டு வந்தார்."

பாப்பா மெல்லக் கேட்டாள். "அப்ப எனக்கு எதுக்குங்க அந்தப் பேரு?"

"நானும் கேட்டேம்மா. 'அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்கணும்னு வச்சேன் சாமி, வச்சப்பறம் கூப்பிட வாய் வரலை'ன்னார்."

பாப்பா அழவில்லை. அகத்திக்கீரையைத் தூணருகே கீழே வைத்தாள்.

"வருஷக்கணக்கா என் பேரச் சொல்லி எள்ளுத் தண்ணி விட்டிருக்காரு."

"உனக்கில்லைம்மா அது..."

"பேரு என் பேருதானே சாமி?" என்னிடம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததே இல்லை. "அண்ணே, இனிமே இந்தப் பேரச் சொல்லி நீ தண்ணி விட்டீன்னா எனக்கு அண்ணனே கெடயாது. நான் உசுரோட இருக்கேன்."

சாமி குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் சொன்னார். "நீங்க விடலைன்னா அவாளுக்கு வேற மனுஷா கிடையாது."

மூன்றாவது பேருக்கு அன்று தண்ணீர் விழவில்லை. பாப்பா அங்கிருந்தே நேராகப் புகுந்த ஊரான கரூருக்கு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கரூர் வாசல்

அடுத்தடுத்த அமாவாசைகளுக்கும் நான் போனேன். சாமி முதல் இரண்டு பேரைச் சொல்வார். பிறகு ஒரு பேர் சொல்கிற நேரம் அளவுக்குச் சும்மா இருப்பார். நான் வேட்டியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்வேன். அந்த இடைவெளியில் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரியே இருக்கும். ஒரு தடவை தாங்காமல் திரும்பிப் பார்த்தேன். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் என்னை முறைத்தார்.

ஐப்பசி வாக்கில் கரூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார்.

"மச்சான், உங்க தங்கச்சி சரியில்ல. மத்தியானமானா வாசக் கதவுக்குப் பின்னாடி போயி உக்காந்துக்குது. யாரு வந்து மணி அடிச்சாலும் தொறக்க மாட்டேங்குது. கேஸ்காரன் வந்தான், தொறக்கல. நேத்து நானே வந்தேன், தொறக்கல."

எங்கள் வீட்டில் யார் வந்தாலும் முதலில் ஓடிப்போய்க் கதவு திறக்கிறவள் அவள். போன் போட்டேன், எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்றால், அவள் வாசலில் போய் நின்று நான் என்ன செய்யப்போகிறேன்? கூப்பிடவா போகிறேன்?

மார்கழியில் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, இன்னிக்கு நிலாவுக்கு அரை நாள்தான் ஸ்கூல்." நிலா அவள் மகள், ஏழு வயது. "வேன்காரரு வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். அவ அந்தப் பக்கம் நின்னுட்டிருந்திருக்கா. முக்கா மணி நேரம்ணே. வெயில்ல. பக்கத்து வீட்டக்கா பாத்துட்டு சத்தம் போட்டப்பறம்தான் எனக்குத் தெரியும். 'ஏண்டி அம்மான்னு கூப்பிடல?'ன்னு கேட்டா, முழிக்கிறா. எப்படி நின்னா தெரியுமா? ரெண்டு கையும் விரிச்சு வச்சிக்கிட்டு. அப்பா நிப்பாருல்ல, அதே மாதிரி. அவளுக்கு யாருண்ணே சொல்லிக்குடுத்தா?"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா கேட்டில் நிற்பதை அவள் பார்த்திருக்கலாம். இல்லை, என்னைப் பார்த்திருக்கலாம். நானும் கையை விரித்துத்தான் நிற்கிறேனா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் மனைவியிடம் கேட்டேன். "இத்தன வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க" என்றாள் அவள்.

மத்தியானத் தூக்கம்

பொங்கல் முடிந்த வாரம் பாப்பா நிலாவை அழைத்துக்கொண்டு கே.கே. நகர் வந்தாள். நானும் போயிருந்தேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, சின்னப்புள்ளையில என்னைய யாரோ கூப்பிடுறாங்கன்னு சொல்வேன்ல. அது என்னது?"

அம்மாவின் கத்தி நின்றது.

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"சொல்லும்மா. எம்புள்ள வெயில்ல நின்னா."

அம்மா நிலாவைப் பார்த்தாள். நிலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரோப்ளேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நறுக்கிய காயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உங்கப்பா மத்தியானம் வந்து படுப்பாருல்ல. தூங்கிட்டா பேசுவாரு. 'வதனி, கதவத் தொறம்மா'ம்பாரு. பயப்படாத, நானும் தமிழ்தான்ம்பாரு. மொதல்ல நான் சந்தோசப்பட்டேன்டி, பெத்த பொண்ண கனாவுல கொஞ்சுறாருன்னு. ஆனா அந்தக் கொரலு கொஞ்சுற கொரலு இல்ல. கெஞ்சுற கொரலு. எழுப்பிக் கேட்டா வாயத் தொறக்கமாட்டாரு. நீ அதக் கேட்டுட்டுக் கதவுகிட்டப் போவ. அதான் தாப்பாள மேல வச்சேன். அப்பறம் ரெண்டு மணியானா ரேடியோவ சத்தமா வச்சிடுவேன்."

"கடைசிவரைக்கும் பேசினாராம்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு மத்தியானம் வரைக்கும்."

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னையப் பேய்க்காதுன்னு சொன்னியே."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் குழந்தைக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அடுத்த அறையிலிருந்து பெற்ற அப்பாவே கூப்பிட்டிருக்கிறார். அவளும் கதவைத் திறக்கத்தான் ஓடியிருக்கிறாள், அப்பா பயந்த அதே காரியத்துக்கு. நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

"அப்ப என்னையக் கூப்பிட்டிருக்காரு" என்றாள் பாப்பா. சற்று நேரம் கழித்து, "என்னைய இல்ல" என்றாள். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

தை

தை அமாவாசைக்கு நான் தனியாகத்தான் கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது போன் வந்தது. "படித்துறையில நிக்கிறேன், வா" என்றாள் பாப்பா.

சாமி அவளைப் பார்த்ததும் நோட்டை எடுக்கத் தயங்கினார். பாப்பா இந்த முறை மேல்படியில் நிற்கவில்லை. என் பக்கத்திலேயே, தண்ணீர் காலில் படுகிற படியில் உட்கார்ந்தாள். பெண்கள் உட்காருவது வழக்கமா இல்லையா என்று சாமி எதுவும் சொல்லவில்லை.

அப்பா, தாத்தா, எல்லாப் பேரும் முடிந்தன. சிற்றம்பலத்துக்கு விட்டேன். பரமேஸ்வரிக்கு விட்டேன். சாமி வழக்கம்போல் சும்மா இருந்தார்.

"அண்ணே, என்னையக் கூப்பிடு" என்றாள் பாப்பா.

"என்னது?"

"பேர் சொல்லிக் கூப்பிடு. மொதல்ல என்னைய. நான் பதில் சொல்றேன். அப்பறம் அவளக் கூப்பிட்டுத் தண்ணி விடு. ஒரே பேருல ரெண்டு பேரு இருக்கோம்னு அவளுக்கும் தெரியட்டும், எனக்கும் தெரியட்டும்."

வாய் இல்லையா என்று கேட்ட வாசகியே, அந்த நிமிஷம் நிஜமாகவே எனக்கு வாய் இல்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவன், கூடப் பிறந்தவளைப் பேர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அப்பாவின் உள்ளங்கை இன்னும் என் வாய்மேல் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பாப்பா அவசரப்படுத்தவில்லை.

"வதனி" என்றேன்.

"என்னண்ணே" என்றாள். முகமெல்லாம் தண்ணீர். சிரித்தாள்.

எள்ளை எடுத்தேன். சாமி என் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினார்.

"வதனி" என்றேன் மறுபடியும்.

பாப்பா பதில் சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, சின்ன வயதில் கதவருகே நிற்பாளே, அதே மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாமியும் தலையைத் தூக்கவில்லை. எனக்கும் நீர்ப்பரப்பிலிருந்து பார்வையை எடுக்கப் பயமாக இருந்தது. சுற்றிலும் நூறு குரல்கள் நூறு பேர்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பேருக்கு மட்டும் எங்கிருந்தும் பதில் வரவில்லை.

தண்ணீர் கட்டைவிரலைத் தாண்டி விழுந்தது.

"அவளுக்கு இன்னும் கொஞ்சம் எள்ளு போடுண்ணே" என்றாள் வதனி.